வடக்கில் வாய்க்கால்: வாடகைக்கு விட வாங்கிய ஒரு வீட்டின் கணக்கு

பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு. வாங்கும் இடத்துக்கு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் சில வரிகள். என் அக்காவும் மாமாவும் 2019-இல் வாங்கிய வீட்டின் தாய்ப் பத்திரம், அதாவது அந்த நிலத்தின் பழைய மூலப் பத்திரம், 1984-இல் எழுதப்பட்டது. அதில் "வடக்கில் வாய்க்கால்" என்று இருக்கிறது. 1996-இல் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது அந்த வரி "வடக்கில் 20 அடி பாதை" ஆகிவிட்டது. அக்கா கையெழுத்திட்ட பத்திரத்தில் "வடக்கில் தெரு". மூன்று பத்திரங்களும் ஒரே கோப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் இருந்தன. நாங்கள் யாரும் வரிசையாக வைத்துப் படிக்கவில்லை. 2023 டிசம்பர் 4 அன்று அந்தத் தெருவில் படகு வந்தது.

இந்த நிகழ்வை எழுதச் சொன்னவர் அக்காதான். வரவு செலவை எழுதும் நோட்டைக் கையில் கொடுத்து, ஒரு எண்ணையும் மாற்றாதே என்றார். வாடகை வருமானத்தை நம்பி ஓய்வூதியப் பணத்தை வீட்டில் போட நினைக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களுக்காக அந்த எண்களை அப்படியே தருகிறேன்.

2019 மே

அவர்கள் இருப்பது திருச்சியில். மாமா பணி ஓய்வு பெற்றபோது வந்த தொகையைச் சென்னையில் ஒரு வீடாக மாற்றி, மாதாமாதம் வாடகை வரும்படி செய்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே, பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். கீழே வாகன நிறுத்தம், மேலே மூன்று தளங்கள். முதல் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. விலை 52 லட்சம். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். எல்லாம் சேர்ந்து 58 லட்சத்தில் முடிந்தது.

இதே அளவு வீட்டை மேடான பகுதியில் பார்த்தபோது 60 லட்சம் கேட்டார்கள். எட்டு லட்சம் குறைவு. வாடகையில் மட்டும் குறைவே இல்லை. வேளச்சேரியில் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, பழைய மாமல்லபுரம் சாலை பக்கத்தில் இருக்கிறது, ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் தேடி வருகிறார்கள். வாங்குகிறவர் 2015 வெள்ளத்தை நினைத்துக்கொண்டு விலையைக் குறைக்கிறார். பிப்ரவரியில் வேலை கிடைத்து வரும் இளைஞர் அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டும் கேட்கிறார். வெள்ளப் பகுதியில் முதலீட்டுக்கு வீடு வாங்கும் ஆசை பிறப்பது இந்த இடைவெளியில்தான். கோடையில் போடும் கணக்கில் அது லாபமாகவே தெரியும்.

முதல் மாடி, தண்ணீர் எப்படி ஏறும் என்று தரகர் கேட்டார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. நானும் கூடவே போயிருந்தேன், நானும் தலையாட்டினேன்.

அன்று கண்ணால் பார்த்தும் மனத்தில் வாங்கிக்கொள்ளாத இரண்டு அடையாளங்களை இப்போது சொல்ல முடியும். வாகன நிறுத்தத்தின் சுவர் முழுக்க வெறும் சுண்ணாம்பு பூசியிருந்தது, கீழிருந்து நான்கடி உயரத்துக்கு மட்டும் புதிய டைல்ஸ். அழகுக்காக ஒட்டியது என்று நினைத்தோம். அந்த டைல்ஸுக்கு அடியில் 2015-இன் தண்ணீர்க் கோடு மறைந்திருந்தது. இரண்டாவது, மின் மீட்டர்கள். பன்னிரண்டு மீட்டர்களும் இரும்புச் சட்டத்தின் மேல், ஆள் உயரத்தையும் தாண்டி இருந்தன. அளவு எடுக்க வருகிறவர் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். காரணமில்லாமல் யாரும் மீட்டரை அந்த உயரத்தில் மாட்டுவதில்லை.

தெருமுனையில் இருபது ஆண்டுகளாக இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தண்ணீர் எந்தப் பக்கமாக வரும், எந்த வீட்டின் படிவரை ஏறும், எத்தனை நாள் நிற்கும் என்று அவர் கை நீட்டிக் காட்டியிருப்பார். 2024-இல் நான் கேட்டபோது அப்படித்தான் காட்டினார்.

தண்ணீரின் வழி

சென்னை வெள்ளம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வாடகைக்கு வீடு வாங்குகிறவர் அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆற்று வெள்ளம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கி ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை வரை அடையாற்றின் இரு கரைகளிலும் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறியது. இந்த வெள்ளம் வேகமானது, அடித்துக்கொண்டு போகக்கூடியது.

இரண்டாவது, சதுப்பு நில வெள்ளம். தென்சென்னையிலும் அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழியும்போது அந்தத் தண்ணீர் பள்ளிக்கரணையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு முகத்துவாரம், பிறகு கடல். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பு நிலம் இன்று அதில் ஒரு சிறு பகுதிதான். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி 55 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. வருகிற தண்ணீர் குறையவில்லை, அது தங்கும் இடமும் வெளியேறும் வழியும் குறைந்துவிட்டன. புயல் நேரத்தில் கடல்மட்டம் உயர்ந்திருந்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் வடிவது இன்னும் மெதுவாகும். மழை விட்டு, வெயில் அடித்து, மூன்றாம் நாளும் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது இதனால்தான்.

குடியிருப்பவருக்கு இந்த இரண்டாவது வெள்ளத்தில் உயரத்தைவிட நாள்கள்தான் முக்கியம். ஆறடி ஏறி ஒரே இரவில் வடியும் தண்ணீரைவிட மூன்றடியில் ஐந்து நாள் நிற்கும் தண்ணீர் ஒரு குடும்பத்தை அந்த வீட்டை விட்டே துரத்திவிடும்.

முதல் மாடி, ஒரு சொட்டும் ஏறவில்லை

மிக்ஜாம் புயலின் மழை 2023 டிசம்பர் 3 இரவு பிடித்து மறுநாள் முழுக்கக் கொட்டியது. அக்காவின் வீட்டில் அப்போது இருந்தவர்கள் இளம் தம்பதியர், அவர்களின் ஏழு மாதக் கைக்குழந்தை, குழந்தையின் பாட்டி. நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு வாகன நிறுத்தத்தில் முழங்கால் அளவு, மதியத்துக்குள் நான்கடி. டைல்ஸின் மேல் விளிம்பைத் தொட்டு நின்றது.

வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. தரகர் சொன்னது பலித்தது. ஆனால் அந்த வீட்டை வீடாக வைத்திருந்த பொருள்கள் எல்லாம் கீழேதான் இருந்தன. சம்ப் தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தது, அதற்குள் சாக்கடை கலந்தது. மோட்டார் மூழ்கியது. லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் நிரம்பியது. மின்சாரத்தைத் துண்டித்தார்கள், ஐந்து நாள் வரவில்லை. மீட்டர்களை உயர்த்தியவர்கள் பிரதான சுவிட்ச் பெட்டியை மட்டும் பழைய உயரத்திலேயே விட்டிருந்தார்கள். மாடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரு நாள் வந்தது. பிறகு கழிப்பறையில் ஊற்றத் தண்ணீர் இல்லை, ஊற்றினாலும் போக வழியில்லை.

செல்பேசிச் சிக்னல் போய்விட்டது. திருச்சியில் அக்கா இரண்டு நாள் அந்த எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பிற்பகல் அந்தப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க வெந்நீர் இல்லாமல், பூஜை அறை விளக்கின் மேல் சிறு கிண்ணத்தை வைத்துச் சூடாக்கியதாகச் சொன்னார். படகில் இறங்கி உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றார். பிறகு, வாடகை அனுப்ப இரண்டு நாள் தாமதமாகும், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அக்காவுக்கு இன்றும் குரல் உடைகிறது.

நோட்டில் உள்ளது

டிசம்பர் வாடகை 18,000 ரூபாயை அக்கா வாங்கவில்லை. ஜனவரியில் அவர்கள் காலி செய்தார்கள், முன்பணம் முழுதாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஏப்ரல் வரை நான்கு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது, 72,000 போனது. குடியிருப்போர் சங்கம் லிஃப்டுக்கு 2,40,000, மின்பெட்டிக்கு 96,000, சம்ப் சுத்தம் செய்து புது மோட்டார் வைக்க 72,000, சுற்றுச்சுவருக்கு 48,000 செலவழித்தது. ஒரு வீட்டுக்கு 38,000. படிக்கட்டு, வாசல், உள்ளே வண்ணம் என 15,000. புதிய குடியிருப்பவரைக் கொண்டுவந்த தரகருக்கு ஒரு மாத வாடகை 16,500. புதிய வாடகை பழையதைவிட 1,500 குறைவு என்பதால் மே முதல் டிசம்பர் வரை 12,000 இழப்பு. ஆக மொத்தம் 1,71,500.

வெள்ளமில்லாத ஆண்டில் இந்த வீட்டின் வாடகை 2,16,000. சொத்து வரி, சில்லறைப் பழுது எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 1,88,000. அதாவது நான்கு நாள் நின்ற தண்ணீர் பதினோரு மாத வருமானத்தை எடுத்துக்கொண்டது.

வரிச் சலுகை உதவுமே என்று மாமா கேட்டார். வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஒரு ஆணி அடிக்காத ஆண்டிலும் அதே 30, லிஃப்டையே மாற்றிய ஆண்டிலும் அதே 30. அதற்கு மேல் ஆன பழுதுச் செலவைக் காட்ட இடமில்லை.

இப்போது அந்த எட்டு லட்சத் தள்ளுபடிக்கு வருவோம். இந்தப் பகுதி 2005, 2015, 2023 என்று மூன்று பெரிய வெள்ளங்களைப் பார்த்திருக்கிறது. ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும் 1,71,500-ஐ ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு 24,500. இந்த வீடு போட்ட பணத்துக்குத் தருவது 3.24 சதவீதம். அந்த விகிதத்தில் ஆண்டுக்கு 24,500 ரூபாய் ஈட்ட எவ்வளவு முதல் வேண்டும்? கிட்டத்தட்ட ஏழரை லட்சம். விற்றவர் கொடுத்த தள்ளுபடி எட்டு லட்சம். சந்தை முன்கூட்டியே சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தது. எங்களுக்குக் கிடைத்ததாக நினைத்த லாபம் வரப்போகும் வெள்ளத்துக்கு முன்பணமாக வந்தது, நாங்கள் அதைச் செலவழித்துவிட்டோம். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வங்கியில் வைத்திருந்தால் இந்தப் பத்தியை எழுதும் தேவையே வந்திருக்காது.

குடியிருந்தவர்கள் இழந்த காரும் இருசக்கர வாகனமும் இந்த எண்ணில் இல்லை. உரிமையாளர் போடும் கணக்கில் அவை ஒருபோதும் வருவதில்லை.

எந்தக் காகிதம் தண்ணீரைப் பற்றிப் பேசும்

வீட்டுக் கடனுக்காக வங்கியின் வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்தால் போதும் என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அவர் பார்ப்பது விற்பவருக்கு உரிமை இருக்கிறதா, வில்லங்கம் இருக்கிறதா என்பதை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழில் ஒரு வெள்ளமும் பதிவாகாது.

தாய்ப் பத்திரம் வரை எல்லாப் பத்திரங்களின் செக்குபந்தியையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வாய்க்கால், ஓடை, தாங்கல், ஏரிக்கரை, கலங்கல், மதகு என்ற சொல் ஒரு பத்திரத்தில் இருந்து அடுத்ததில் காணாமல் போயிருந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். பிறகு சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கிப் பக்கத்துப் புலங்களைப் பாருங்கள். உங்கள் மனை பட்டா நிலமாக இருக்கலாம், ஒட்டியிருப்பது நீர்நிலைப் புறம்போக்காக இருக்கும். பழைய பதிவேட்டில் நிலம் நஞ்சையா புஞ்சையா என்பதையும் பார்க்க வேண்டும். ஏரிப் பாசன நஞ்சை என்றால் மதகைத் திறந்ததும் தண்ணீர் தானாக ஓடிவந்து நிற்கும்படி அமைந்த தாழ்வான நிலம். நம் முன்னோர் விளைச்சலுக்காக அப்படிப்பட்ட நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுக்குமாடி கட்டியதால் அதன் சரிவு மாறிவிடாது.

நீர்நிலைகளை ஒட்டிய மனைப்பிரிவுக்கும் பெரிய கட்டடத்துக்கும் அனுமதி கேட்கும்போது நீர்வளத் துறையிடம் தடையில்லாச் சான்று பெறுவது உண்டு. மனையை எந்த மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். உங்கள் கட்டடத்துக்கு அதைக் கேட்டு வாங்குங்கள், பக்கத்தில் எழும் புதிய கட்டடத்துக்கும் விசாரியுங்கள். அவர்கள் ஆறடி உயர்த்தினால் அங்கே நின்ற தண்ணீர் பழைய கட்டடத்துக்குத்தான் வரும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடப்பட்ட சாலையும் அதையே செய்கிறது. அக்காவின் கட்டட வாசல் 2008-இல் தெருவைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்ததாம். இன்று தெரு நான்கு அங்குலம் மேலே இருக்கிறது.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சார் பகுதியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தர வேண்டாம் என்று உத்தரவிட்டது. அந்த வட்டத்தில் கட்டப்படும் வீட்டுக்கு முன்பணம் கொடுக்க நினைப்பவர்கள் நீதிமன்ற நிலவரத்தை முதலில் விசாரிக்க வேண்டும்.

விற்றவர் மேல் வழக்குப் போடலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். சாதாரண கவனத்துடன் பார்த்தாலும் வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. வேளச்சேரி வெள்ளம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது, செக்குபந்தி எங்கள் கையிலேயே இருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

காப்பீட்டை இங்கே சொல்லியாக வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் தரும் "பாரத் கிருஹ ரக்ஷா" பாலிசி வெள்ளத்தையும் புயலையும் உள்ளடக்கியது. சேதத்தால் வீடு குடியிருக்கத் தகாமல் போனால் வாடகை இழப்பும் அதில் உண்டு. ஆனால் எங்கள் நிகழ்வில் வீட்டுக்குள் சேதமே இல்லை. சேதமடைந்தவை லிஃப்டும் மோட்டாரும் மின்பெட்டியும், அவை பொதுச் சொத்து. அவற்றுக்குச் சங்கம்தான் தன் பெயரில் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. வீடு பார்க்கப் போகும்போது சங்கச் செயலாளரிடம் அந்தப் பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள்.

குடியிருக்க வருகிறவரிடம் சொல்வது

2024 மே மாதம் புதிய குடும்பம் வந்தபோது அக்கா தரகரை வெளியே நிறுத்திவிட்டு அவர்களைக் கீழே அழைத்துப்போனார். டைல்ஸின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். இதுவரை தண்ணீர் வந்தது, நான்கு நாள் நின்றது, ஐந்து நாள் மின்சாரம் இல்லை என்று சொன்னார். தரகருக்குக் கோபம். வாடகை 1,500 குறைந்ததற்கு இந்தப் பேச்சும் காரணம்தான். அந்தக் குறைவு நியாயமானது என்று நான் நினைக்கிறேன். ஆபத்தோடு வாழப்போகிறவர் அவர், அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசும் உரிமை அவருக்கு உண்டு.

வெள்ளத்தால் வீடு பெருமளவில் நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் குத்தகையைக் கைவிடும் உரிமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு குடியிருப்பவருக்குத் தருகிறது. ஐந்து நாள் இருட்டு அந்த "நிரந்தரம்" என்ற சொல்லுக்குள் வராது. அதனால் ஒப்பந்தத்தில் தனியாக எழுதினோம்: வெள்ளத்தால் மின்சாரமோ தண்ணீரோ இல்லாத நாள்களுக்கு வாடகை கிடையாது, ஏழு நாளைத் தாண்டினால் முன்னறிவிப்பின்றிக் காலி செய்யலாம், முன்பணம் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால் இதையெல்லாம் எழுத ஏற்கெனவே ஒரு தாள் இருக்கிறது.

கட்டடத்திலும் வேலை நடந்தது. பிரதான மின்பெட்டி முதல் மாடிப் படித்திருப்பத்துக்கு ஏறியது. சம்ப் வாயைச் சுற்றி நான்கரை அடிக்குச் சுவர் எழுப்பி மேலே மூடி போட்டார்கள். கழிவுநீர்க் குழாயில், தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு வைத்தார்கள். மழை எச்சரிக்கை வந்தால் லிஃப்டை மூன்றாம் தளத்தில் நிறுத்தி அணைப்பது காவலாளியின் பொறுப்பு. சங்கத்தின் பெயரில் காப்பீடும் எடுத்தாகிவிட்டது. இத்தனைக்கும் ஒரு வீட்டுக்கு 21,000 ஆனது. 2019-இலேயே இதைச் செய்திருந்தால் 38,000-இல் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மாமாவுக்கு மனமில்லை. விற்றால் வாங்குகிறவர் யாரோ ஒரு ஓய்வூதியக்காரராகத்தான் இருப்பார் என்கிறார்.

2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரங்களிலும் கார்கள் வரிசையாக நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் அக்காவின் புதிய குடியிருப்பாளரின் காரும் நின்றது. மழை பயந்த அளவுக்கு வரவில்லை. தெருவில் கணுக்காலுக்கு மேல் ஏறிய தண்ணீர் இரவுக்குள் வடிந்தது, சம்ப் தொட்டிக்குள் சாக்கடை கலக்கவில்லை. மறுநாள் காலை அவர் அக்காவுக்கு ஒரு படம் அனுப்பினார்: டைல்ஸ் சுவரில் கீழிருந்து மூன்றாவது வரிசையில் ஈரக்கோடு, பக்கத்தில் தேதி எழுதிய சிறு துண்டுத்தாள். அக்கா அதை நோட்டின் அந்த மாதப் பக்கத்தில், தாய்ப் பத்திர நகலுக்கு அடுத்து, ஒட்டி வைத்திருக்கிறார்.